வாசகர் கேள்வி பதில்: நத்தாரும் நடுக்கமும்

மார்கழி இதழுக்கு வந்த கடிதங்களில் கேக்கும் பலகாரமும் பற்றிய கேள்விகள் குறைவு. பயம், நித்திரையின்மை, வீட்டில் ஓர் ஆள் இல்லாத குறை, கோவிலுக்குப் போகவே தயக்கம் என்பவைதான் கூட. பதில்களை உளவளத்துணையில் வேலை செய்பவர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

காலையில் எழும்பினவுடன் போனைப் பார்த்தால் காசா, உக்ரேன், சூடான். உள்ளூர்ச் செய்தி என்றால் வாள்வெட்டு. நெஞ்சு படபடக்கிறது. பாலன் குடில் கட்டக் கையே வரவில்லை. இந்த நேரத்தில் கொண்டாடுவது சரிதானா?
*வாசகி, குருநகர்*

தாராளமாகக் கொண்டாடலாம். முதல் நத்தாரே நல்ல காலத்தில் நடந்ததல்ல. குடிக்கணக்கு என்ற அரச கட்டளைக்காக நிறைமாதக் கர்ப்பிணி ஊர்விட்டு ஊர் போகிறா. ஏரோது பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். தாயும் தகப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். குடிக்கணக்கு லூக்கா 2 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, கொலையும் ஓட்டமும் மத்தேயு 2 ஆம் அதிகாரத்தில். திருச்சபையும் இதை மூடி மறைக்கவில்லை. நத்தார் முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28 இல், மாசில்லாக் குழந்தைகளை நினைவுகூருகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்துக்கு மத்தேயுவின் இந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. 2023 இல் காசாப் போரால் பெத்லகேமிலேயே கொண்டாட்டங்களை நிறுத்தியபோதும், அங்குள்ள லூத்தரன் கோவிலில் இடிபாட்டுக் கற்களுக்கு நடுவே பாலனைக் கிடத்திக் குடில் வைத்தார்கள். குடில் கட்டுவது உலகத்தை மறப்பதற்கு அல்ல என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கொண்டாடுவதா என்பதைவிட அவசரமான விடயம் உங்கள் போன். ஆபத்துச் செய்தியைக் கண்டதும் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. ஆனால் ஓட இடமுமில்லை, எதிர்க்க ஆளுமில்லை. அந்த முறுக்கு இறங்குவதற்குள் அடுத்த காணொளி வந்துவிடுகிறது. இதைச் செய்து பாருங்கள்: செய்திக்கு ஒரு நாளில் இரண்டு நேரம், ஒவ்வொன்றும் 15 நிமிடம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பின்னேரம் 6 மணியளவிலும். படுக்கைக்குப் போக முந்திய இரண்டு மணி நேரத்தில் வேண்டாம். காணொளியைவிட எழுத்துச் செய்தி நல்லது. இரத்தம் காட்டும் படம்தான் இரவில் திரும்பி வருகிறது. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள் (அமைப்புகளில் சேமிப்பு, தரவு என்ற பகுதிக்குள் இருக்கும்). ஊர்க் குழுக்களுக்கு "8 மணி நேரம்" என்று வாயடைப்பதால் பயனில்லை, அடுத்த நாள் பழையபடி கத்தும். "எப்போதும்" என்று வையுங்கள். சார்ஜரைக் குசினியில் செருகுங்கள். இதில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்றுதான்: "அலாரத்துக்குப் போன் வேணும்" என்று அதைத் தலையணைக்குக் கீழே கொண்டுவந்து விடுவார்கள். கடையில் ஒரு மணிக்கூடு வாங்குங்கள்.

செய்தி பார்க்காவிட்டால் அந்தச் சனத்தைக் கைவிட்டதுபோல இருக்கும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஊரைத் தெரிவு செய்யுங்கள். திருவருகைக் காலம் முழுதும் அந்த ஊரின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். வெடிக்கு வைத்த காசை நம்பிக்கையான ஒரு நிவாரண வேலைக்குக் கொடுங்கள். ஐம்பது காணொளி பார்ப்பதைவிட அது அந்த மக்களுக்கு நெருக்கமானது.

குடிலை ஒரே நாளில் கட்ட வேண்டாம். நாலு ஞாயிறு இருக்கிறது. முதல் ஞாயிறு பனையோலைக் கூரை மட்டும். அடுத்தது வைக்கோலும் மாடும். பிறகு இடையர்கள். நாலாம் ஞாயிறு மரியாளும் சூசையப்பரும். தொட்டில் 24 இரவு வரை வெறுமையாகவே இருக்கட்டும். மூவரசர்கள் ஜனவரி 6 க்கு வந்தால் போதும். ஒவ்வொன்றும் 20 நிமிட வேலை, மனம் சோர்ந்தவருக்கும் முடியும். வைக்கோலுக்கு மேலே சீரியல் பல்பைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள்.

வெடிச்சத்தம் கேட்டால் அம்மா நடுங்குகிறா. வயது எழுபதுக்கு மேல். நத்தார் இரவும் வருடப்பிறப்பு இரவும் மேசைக்குக் கீழே போய் இருக்கிறா. "சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்" என்று சொன்னாலும் கேட்பதில்லை.
*வாசகர், அரியாலை*

சொல்லிக் கேட்கக்கூடிய விடயமாக இருந்தால் அவ எப்போதோ கேட்டிருப்பா. திடீர்ச் சத்தம் காதுக்குள் போனதும், "இது சீன வெடி" என்று அறிவு கண்டுபிடிக்க முன்னரே மூளையின் பயப்பகுதி உடம்பைக் குனிய வைத்துவிடுகிறது. செல் விழுந்த காலத்தில் அந்த வேகம்தான் அவவைக் காப்பாற்றியது. அதனால் மேசைக்குக் கீழே இருந்து இழுக்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

முதல் வேலை, எதிர்பாராததை எதிர்பார்த்ததாக மாற்றுவது. எங்கள் ஊர்களில் வெடி அதிகம் கேட்பது நள்ளிரவை ஒட்டித்தான். அன்று பகலே அம்மாவிடம் நேரத்தைச் சொல்லிவையுங்கள்: "இரவு பன்னிரண்டுக்குக் கோவில் மணி அடிக்கும், பிறகு பொடியள் வெடி கொளுத்துவாங்கள், அரை மணித்தியாலத்தில் முடிஞ்சிடும்." ஒழுங்கையில் உள்ள வீடுகளிடமும் கேளுங்கள்: வெடியை ஒழுங்கை முகப்பில், சொன்ன நேரத்தில் கொளுத்தட்டும், முற்றத்தில் பூந்திரியும் மத்தாப்பும் போதும். மரியாதையாகக் கேட்டால் பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள்தான் சில இடங்களில் கேட்பதில்லை. அந்த அரை மணித்தியாலத்துக்கு அம்மாவை உள்ளறையில், யன்னல் இல்லாத சுவரோடு இருத்துங்கள். மின்விசிறியும் வானொலியும் போடுங்கள், தொடர்ச்சியான சத்தம் திடீர்ச் சத்தத்தின் முனையை மழுங்கச் செய்யும். விளக்கை அணைக்காதீர்கள்.

நடுக்கம் வந்துவிட்டால் முன்னால் வந்து, கண் தெரியக்கூடிய இடத்தில், அவவின் உயரத்துக்கு இருந்து கதையுங்கள். பின்னாலிருந்து தொடக்கூடாது. இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். பிறகு மெதுவாக: இன்றைய திகதி, ஆண்டு, இது எங்கள் வீடு, நான் உங்கட மகன், சத்தம் அடுத்த வீட்டு வெடி. அறையில் காணும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை வெளியே விட வேண்டும், ஐந்து நிமிடம். வழமையாகப் பிழைக்கும் இடம் இதுதான்: "நல்லா இழுங்கோ, நல்லா இழுங்கோ" என்று பக்கத்தில் நிற்பவர் அவசரப்படுத்துவார். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் விறைக்கும், தலை சுற்றும், பயம் கூடும். நீளமாக வேண்டியது வெளிமூச்சு.

ஆனால் நெஞ்சு இறுக்கத்தோடு கை, தாடை என்று நோ பரவினால், குளிர் வியர்வை வந்தால், அதைப் பயம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் சேவை இலவசம்.

அயல்வீட்டுக்காரியின் நித்திரைக் குளிசை வேண்டவே வேண்டாம். வயதானவர்களை அது தடுமாற வைத்து விழுத்தும். ஏற்கெனவே நீண்ட காலமாக எடுப்பவர் என்றால் டொக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவும் கூடாது. கெட்ட கனவு, வெளியே போகப் பயம், எதிலும் பற்றின்மை ஆகியவை நத்தார் முடிந்தும் வாரக்கணக்கில் நின்றால் யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உள்ள உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போனில் கதைப்பதற்கு 1926, இரவிலும் எடுப்பார்கள்.

செபமாலை சொல்லும்போதும் மனம் அலைகிறது. பதற்றம் குறையவில்லை. என் விசுவாசம் போதாதா?
*வாசகி, இளவாலை*

வேகம்தான் கூடிப்போயிருக்கும். 2001 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். "அருள் நிறைந்த மரியே" மன்றாட்டை இலத்தீனில் பழைய முறைப்படி சொன்னபோதும், கீழைத்தேய மந்திரம் ஒன்றை உச்சரித்தபோதும், அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. இதயத் துடிப்பின் ஒழுங்கும் சீரானது. அந்தப் பழைய முறை எங்கள் வீடுகளிலும் உள்ளதுதான்: முதற்பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியை மற்றவர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் உங்கள் உள்மூச்சுக்கு, சொல்லும் நேரம் வெளிமூச்சுக்கு. எல்லாவற்றையும் ஒருவரே ஒரே மூச்சில் ஓட்டினால், அல்லது ஒலிபெருக்கி ஓட்டத்தோடு போட்டி போட்டால், அந்தப் பயன் போய்விடும். தனியாகச் சொல்பவர் ஒவ்வொரு பாதியையும் ஒரு வெளிமூச்சில் சொல்லி, நடுவில் வாயை மூடி மூச்செடுக்கட்டும். 53 மணியும் முடிக்க வேண்டுமென்றில்லை, பத்து மணி போதும். திருவெம்பாவைக் காலத்தில் இருக்கும் சைவ அயலவர்களுக்கும் ஐந்தெழுத்தோடு இதே முறை பொருந்தும்.

மனம் அலைவதும் பிழையல்ல. அலைந்தது தெரிந்த இடத்திலிருந்து அடுத்த மணிக்குப் போங்கள், முதலிலிருந்து தொடங்காதீர்கள்.

நத்தாருக்காக எதிரிகள் சண்டையை நிறுத்தினார்கள் என்பது கட்டுக்கதைதானே?
*மாணவர், சாவகச்சேரி*

உண்மை. 1914 இல் மேற்குப் போர்முனையில் பல இடங்களில் பிரித்தானிய, ஜேர்மன் சிப்பாய்கள் அகழிகளை விட்டு வெளியே வந்து கை குலுக்கினார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். பாப்பரசர் 15 ஆம் ஆசீர்வாதப்பர் கேட்டுக்கொண்ட போர்நிறுத்தத்தை அரசுகள் ஏற்கவில்லை. சிப்பாய்கள் தாங்களாகச் செய்தார்கள். அடுத்த ஆண்டு அது திரும்ப நடக்காமல் தளபதிகள் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் நாட்டில் 2001 டிசம்பர் 24 நள்ளிரவிலிருந்து விடுதலைப் புலிகள் ஒரு மாதப் போர்நிறுத்தம் அறிவித்தார்கள், அரசும் பதிலுக்கு அறிவித்தது, 2002 பெப்ரவரியில் உடன்படிக்கை வந்தது. ஆனால் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

அண்ணா காணாமல் ஆக்கப்பட்டவர். 2009 க்குப் பிறகு தகவல் இல்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா அவருக்கும் ஒரு கோப்பை வைக்கிறா. இந்த முறை மாமா, "இனியாவது படத்துக்கு மாலை போட்டு ஒரு பூசை ஒப்புக்கொடு, மனம் ஆறும்" என்கிறார். எது சரி?
*வாசகி, பாஷையூர்*

மாமாவின் அக்கறை விளங்குகிறது. ஆனாலும் மாலை போட வேண்டாம், அம்மா தானாகக் கேட்கும் வரை. மாலை என்றால் எங்கள் ஊரில் ஒரே கருத்துத்தான். இறந்தவரின் வீட்டில் உடல் இருக்கிறது, செத்தவீடு நடக்கிறது, நாள் எண்ணி நினைவுப்பூசை வருகிறது, அழுகைக்கு ஒரு வழி இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் அது எதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் பவுலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். இந்த வகை இழப்பில் "முடித்துவிடு" என்று வற்புறுத்துவது துயரத்தைக் கூட்டும். அவர் இல்லை என்று சொன்னால் மகனைத் தானே கொன்றதுபோல இருக்கும். இருக்கிறார் என்று மட்டும் சொன்னால் வாழ்க்கை அப்படியே நின்றுவிடும். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டோடும் இன்றைக்குச் சாப்பிடுவோம்" என்ற இடம்தான் தாங்கக்கூடியது. அம்மாவின் கோப்பை அந்த இடத்தில்தான் நிற்கிறது. எடுக்காதீர்கள்.

பூசை ஒப்புக்கொடுக்கலாம். பூசைக் கருத்தை உயிரோடு இருப்பவருக்காகவும் கொடுக்கலாம், இறந்தவருக்காகவும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே போய், இறந்தோர் பட்டியலில் பெயரை வாசிக்க வேண்டாம், "இன்னாருக்காகவும் அவருடைய குடும்பத்துக்காகவும்" என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் யாராவது உதவி செய்வதாக நினைத்து "ஆன்ம இளைப்பாற்றி" என்று எழுதிவிடுவார்கள். அம்மா கோவிலில் அதைக் கேட்க நேர்ந்தால் அன்றைய நத்தார் முடிந்தது.

அன்றைக்குச் சான்றிதழ், நட்டஈடு, காணாமற்போனோர் அலுவலகம் பற்றிய கதையை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அவை வேறொரு நாளுக்குரியவை. சின்னப் பிள்ளைகள் அண்ணாவைக் குறித்து "மாமா எங்கே?" என்று கேட்டால் "வெளிநாட்டில்" என்று சொல்ல வேண்டாம், அது ஒருநாள் பொய்யென்று தெரியும். "எங்களுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறோம். அம்மம்மாவுக்கு அவரில் சரியான விருப்பம்" என்பது போதும். அண்ணாவைப் பற்றிய குறும்புக் கதை ஒன்றை யாராவது சொல்லட்டும். பெயரையே எடுக்காமல் எல்லோரும் கவனமாகச் சாப்பிடுவதுதான் அம்மாவை அதிகம் வருத்தும். அவ அழுதால் அழட்டும். மற்றவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவரத் தேவையில்லை, ஒருவர் பக்கத்தில் இருந்தால் சரி. அம்மா சாப்பிடாமல், படுக்கையை விட்டு எழும்பாமல் நாட்களைக் கழித்தால் மட்டும் மேலே சொன்ன உளநலப் பிரிவை நாடுங்கள்.

2019 க்குப் பிறகு திருநாள் பூசைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பயம். வீட்டில் இருந்தே ரிவியில் பார்த்தால் என்ன?
*வாசகர், நாவாந்துறை*

நோயாளிக்கு ரிவிப் பூசை நல்லது. உங்களுக்கு அது பயத்தை வளர்க்கும். 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய கோவில்களில் நடந்த குண்டுவெடிப்பை அறிந்தவருக்கும், 1995 ஜூலை 9 இல் நவாலி சென் பீற்றர் தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்ததை அறிந்தவருக்கும் இந்தப் பயம் வருவது இயல்பு. ஆனால் ஒருமுறை தவிர்த்ததும் கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த முறையை இன்னும் கடினமாக்குகிறது. படிப்படியாகப் போங்கள். முதலில் வாரநாளில், ஆளில்லாத கோவிலில் பத்து நிமிடம். பிறகு வாரநாள் பூசை. பிறகு ஞாயிறு. அதன்பிறகு திருநாள். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழும்பி வெளியே வராதீர்கள். இருந்தால் பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் அது தானாக இறங்கும், இறங்கிய பிறகு வெளியே வாருங்கள்.

24 பின்னேரப் பூசையோடும் நத்தார்க் கடன் நிறைவேறும், நள்ளிரவு கட்டாயமில்லை. அரை மணித்தியாலம் முந்திப் போய்ப் பக்கவாசலுக்குக் கிட்ட இருங்கள். முதுகுப்பை கொண்டுபோகாதீர்கள். பிரிந்தால் சந்திக்கும் இடத்தை, வாகனத் தரிப்பிடம் அல்லாத ஓர் இடத்தை, பிள்ளைக்குக் காட்டுங்கள். உங்கள் போன் இலக்கத்தை எழுதிப் பொக்கற்றுக்குள் வையுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கோவில் தொண்டர்களிடம் சொல்லுங்கள், அல்லது 119. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

காணிப் பிரச்சினையில் தம்பியோடு ஆறு வருடமாகக் கதையில்லை. நத்தாருக்குச் சமாதானமாகலாமா?
*வாசகர், கரம்பொன்*

ஆகலாம், ஆனால் 25 ஆம் திகதி வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் களைத்திருப்பார்கள், சில வீடுகளில் போத்தலும் திறந்திருக்கும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5 ஆம் அதிகாரம் சொல்வதையும் கவனியுங்கள், போவது பூசைக்கு முன். 20 ஆம் திகதியளவில், பகலில், தனியாக, பலகாரத்தோடு போங்கள். பத்து நிமிடம். "காணியைப் பற்றிக் கதைக்க வரவில்லை, உன்னைப் பார்க்க வந்தனான்" என்ற ஒரு வசனம். யார் பிழை என்று தொடங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். காணியைத் தைமாதம், ஒரு நடுவரோடு பாருங்கள்.

இதே பகுதிக்கு ஒரு சகோதரி, குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு நத்தாருக்காவது சமாதானமாக இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறா. அவவுக்குத் தம்பி விடயத்தில் சொன்ன பதில் பொருந்தாது. அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதை எந்த நற்செய்தியும் சமாதானம் என்று சொல்லவில்லை. தங்கச்சி, 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929. உடனடி ஆபத்தென்றால் 119. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சக் காசு ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இப்போதே வையுங்கள். குடி கூடும் நாட்கள் எவையென்று உங்களுக்குத் தெரியும், அந்த இரவு எங்கே போவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

எங்கள் கரையில் 25 கொண்டாட்டம், 26 சுனாமி நினைவு. ஒரு நாள் சிரித்து மறுநாள் அழுவது மனதுக்குக் கூடாதாமே? பிள்ளைகளும் கடலுக்குப் பயப்படுகிறார்கள்.
*வாசகி, மணற்காடு*

அப்படி ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் செய்வது, 25 ஆம் திகதியே 26 ஐ நினைத்து அரைமனதோடு இருப்பதும், 26 இல் கொண்டாட்டத்துக்காகக் குற்றவுணர்வோடு இருப்பதும்தான். இரண்டுக்கும் எல்லை போடுங்கள். 25 இரவுச் சாப்பாட்டோடு இசையை நிறுத்தி, மறுநாளுக்குரிய பூவையும் மெழுகுதிரியையும் எடுத்து வையுங்கள். 26 காலை 9.25 இலிருந்து 9.27 வரை நாடு முழுதும் மௌன அஞ்சலி. கல்லறைக்கோ நினைவிடத்துக்கோ அதற்கு முன் போய்ச் சேருங்கள். ரிவியில் பழைய அலைக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், பிள்ளைகள் உள்ள வீட்டில் அன்று ரிவி வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு அது பழைய காட்சி என்று விளங்காது, இப்போது நடப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

"இனி வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2004 இல் எங்களுக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை, 2006 இலிருந்து இந்து சமுத்திரத்துக்கு ஒன்று இயங்குகிறது என்று சொல்லுங்கள். அதோடு மூன்று விடயம்: கரையில் பலமான நிலநடுக்கத்தை உணர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, சைரன் கேட்டாலோ பொருளெடுக்க நிற்காமல் கரைக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். முதல் அலை போனபின் திரும்பி வரக்கூடாது. அடுத்தது இன்னும் பெரிதாக வரலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வீட்டிலிருந்து உள்ளே போகும் பாதையைப் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள், ஆனால் 26 ஆம் திகதி வேண்டாம். வேறொரு நாளில், வெளிச்சத்தில், போட்டி வைத்து.